நான்காம் நாள் இறக்கம்

அன்புள்ள ஐயா,

திருவொற்றியூரில் வசிக்கிறேன், வயது 51. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனோடு கியர் சைக்கிளில் பழவேற்காடு வரை போய் வருவேன். வரும் ஜனவரியில் நீலகிரியின் ஏரிகளை இருவரும் சைக்கிளிலேயே சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி. இரண்டாம் நாள் எமரால்டு, அவலாஞ்சி. மூன்றாம் நாள் பைக்காரா. நான்காம் நாள் மேட்டுப்பாளையம் வரை வெறும் இறக்கம், ஓய்வு நாள். குன்னூர் வழி இதைவிட நல்லதா? என் வயதுக்கு ஏற முடியுமா? என்ன கியர் வேண்டும்? கடலோரத்துக்காரனுக்கு மலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

ஒரு வாசகர், திருவொற்றியூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் வண்டியின் பிரேக் கட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். கழற்றிய கட்டையைத் திருப்பிப் பார்த்தால், கறுத்த ரப்பருக்குள் அலுமினியத் துணுக்குகள் மீன் செதிலைப் போலப் பதிந்திருந்தன. ஒவ்வொரு முறை பிரேக் பிடித்தபோதும் அவை ரிம்மைச் சுரண்டியிருக்கின்றன; நான் கவனிக்கவில்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். நான்காம் நாளுக்கு வந்ததும் ‘ஓய்வு நாள்’ என்ற இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். இந்தப் பதிலை எழுதுவது அந்த இரண்டு சொற்களுக்காகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 51 மலையேற முடியாத வயதல்ல. மருத்துவரிடம் ஒருமுறை இதயத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கோத்தகிரி வழியே போங்கள். சுமார் 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரும் பாதை அது. குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துகளுக்கும் சுற்றுலா வண்டிகளுக்கும் இடையில் உங்கள் மகன் திணற வேண்டியதில்லை. முதல் நாளிலேயே ஊட்டியை எட்ட நினைக்காதீர்கள். கோத்தகிரியில் தங்குங்கள், பயணத்தை ஐந்து நாளாக்குங்கள். முன்னால் செயின் வீலில் இருப்பதைவிடப் பின்னால் ஃப்ரீவீலில் பல் அதிகமாக உள்ள ஒரு கியராவது வேண்டும். முன்னால் 30, பின்னால் 34 இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். எமரால்டுக்கு முத்தோரை பாலாடா வழியாகக் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே போகிறது பாதை, அவசரப்படாமல் போங்கள். அவலாஞ்சியில் வனத்துறையின் சோதனைச் சாவடியோடு திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் இருக்கும் அப்பர் பவானி அணைக்குத் தனியார் வண்டிகளை விடுவதில்லை. ஜனவரி நல்ல முடிவு. 2019 ஆகஸ்டில் அதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கும் அதிகம் அது. நண்பர்களின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.

இப்போது ஏரிகளுக்கு வருகிறேன். எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுமே மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய நீர். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். எமரால்டும் அவலாஞ்சியும் பின்னால் கனடா நாட்டின் உதவியோடு எழுந்த குந்தா திட்டத்தைச் சேர்ந்தவை. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் படிந்த மொட்டைமாடிகளில் வளர்ந்த நமக்கு, மின்சாரம் என்றால் நிலக்கரியும் புகையும்தான். அங்கே நிலக்கரி கிடையாது, உயரம் மட்டுமே இருக்கிறது. உயரத்தில் நிற்கும் நீர் குழாய் வழியே கீழே பாயும்போது அந்த உயரம் சக்தியாக மாறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எமரால்டு கரையில் நிற்கும்போது இதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் அதே கணக்கு அவனுக்கும் பொருந்தும். நீங்களும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1,500 மீட்டர் இறங்கும்போது சுமார் 15 லட்சம் ஜூல் சக்தியை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சக்தி அது. வேகமாகப் போனால் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்துபோய்ப் பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால், ஏறக்குறைய முழுவதையும் வாங்கிக்கொள்வது இரண்டு ரிம்களும் விரல் நீளமுள்ள நான்கு ரப்பர் கட்டைகளும்தான். அந்த நாளையா ஓய்வு நாள் என்று எழுதினீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். 1997இல் நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அப்போது 28 வயது. கோத்தகிரி ஏற்றத்தை முடித்த பெருமையில் மறுநாள் காலை தனியாக இறங்கினேன். பின் பிரேக்கை மட்டும், விடாமல், ஏழெட்டுக் கிலோமீட்டர் பிடித்துக்கொண்டே வந்தேன். முதலில் ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. லாரியின் வாடை என்று நினைத்தேன். பிறகு கைப்பிடியை எவ்வளவு அழுத்தியும் வண்டி கேட்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால், ரிம்மின் சூடு தாங்காமல் பின் ட்யூப் வெடித்தது. இடப்பக்கம் மலைச்சரிவும் வடிகாலும், வலப்பக்கம் பள்ளம். வண்டியை இடப்பக்கம் சாய்த்தேன் என்பதால்தான் இன்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வடிகாலில் கிடந்த என்னைத் தூக்கியவர் தேயிலை பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா. தலைத்துணியைக் கிழித்து என் மணிக்கட்டைக் கட்டிவிட்டு, “ஏன் சாமி, நின்னு நின்னுல்ல எறங்கணும், இது மலையில்ல” என்றார். ரிம்மைத் தொடப் போன என் கையையும் அவர்தான் தட்டிவிட்டார்.

பின் பிரேக்கை மட்டும் ஏன் பிடித்தேன் என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். காசிமேட்டில் மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டக் கற்றவன் நான். ஊர்ப்பெயரில் மேடு உண்டே தவிர, மண்ணில் கிடையாது. அந்த வண்டிகள் பலவற்றில் பிரேக் கட்டையே இருக்காது. செருப்புக் காலை டயரில் தேய்த்து நிறுத்துவோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே விதி, “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவ” என்பதுதான். மணல் கிடக்கும் தெருவில், கால் எட்டாத பெரிய வண்டியில் போகும் சிறுவனுக்கு அது அன்பான, சரியான விதி. மலையில் அது கொல்லும். பிரேக் பிடித்ததும் உடலின் பாரம் முன்சக்கரத்துக்கு நகர்கிறது. இறக்கத்தில் ஏற்கெனவே அது முன்னால்தான் சாய்ந்திருக்கிறது. பாரம் குறைந்த பின்சக்கரம் தரையைப் பற்ற முடியாமல் வழுக்குகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை நம்பாதவன், பாதிக்கும் குறைவான பிரேக்கோடு மலை இறங்குகிறான்.

உங்கள் மகனுக்கும் நீங்கள் அதே விதியைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நீங்களே அவனிடம் திருத்துங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே முழுவதும் விட்டுவிட வேண்டும். விட்டிருக்கும் அந்த இடைவெளியில்தான் காற்றுப் பட்டு ரிம் ஆறுகிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தக் கூடாது. வளைவில் வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும், கண் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். ஈரத்திலும் சரளையிலும் இரண்டையும் மெல்லத்தான் பிடிக்க வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நில்லுங்கள். நிற்க மனம் வராவிட்டால் தேநீர் குடியுங்கள். டிஸ்க் பிரேக் வைத்திருந்தாலும் இவற்றில் எதையும் விட முடியாது, அதுவும் சூடேறும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையைப் பற்றி மகன் கேட்டிருப்பான், இந்த வயதில் எல்லாரும் கேட்பார்கள். 36 வளைவுகள், வெளியூர் வண்டிகளையே அந்த வழியில் இறங்க விடுவதில்லை. அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் சைக்கிள்களைப் பதிவு செய்யும்போது, ஆளுக்கு இரண்டு ஜோடி புதிய பிரேக் கட்டைகளைக் கையிலிருக்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மூட்டையில் போடாதீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிறு, பழவேற்காட்டுக்குப் போகாமல், காலை ஐந்து மணிக்கு எர்ணாவூர் மேம்பாலத்துக்கு இருவரும் வாருங்கள். நம் பக்கத்தில் இறக்கம் என்று சொல்ல அதுதான் இருக்கிறது. இருபது முறை ஏறி இருபது முறை இறங்குவோம். வரும்போது மகனின் வண்டியைத் துடைத்துக்கொண்டு வரவேண்டாம், அந்தக் கட்டைகளை உள்ளபடியே நான் பார்க்க வேண்டும்.