குளியல் இருக்கை வாங்கலாமா?

கேள்வி: எட்டு மாதப் பேரனுக்காக ஆன்லைனில் ஒரு குளியல் இருக்கை பார்த்தேன். வட்டமான பிளாஸ்டிக் இருக்கை, நடுவில் காலைப் பிரித்துப் பிடிக்கும் தண்டு, தரையில் ஒட்டிக்கொள்ள அடியில் நான்கு ரப்பர் கிண்ணங்கள். ‘இனி உங்கள் இரண்டு கையும் ஃப்ரீ’ என்று விளம்பரம் செய்கிறார்கள். விலை 1,300 ரூபாய். மகளுக்கு முதுகுவலி. எனக்கோ முன்போலக் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்ட முடியவில்லை. வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பயம் அந்த ரப்பர் கிண்ணங்களின் மேல்தான். அவை ஒட்டுவதற்குக் கண்ணாடிபோல் வழவழப்பான பரப்பு வேண்டும். நாமோ வழுக்கக்கூடாது என்பதற்காகவே குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸ் போடுகிறோம். அழுத்தினால் முதலில் நன்றாகப் பிடித்ததுபோல்தான் இருக்கும். சொரசொரப்பின் இடுக்கில் காற்றும் சோப்புத் தண்ணீரும் புகுந்ததும் ஓசையில்லாமல் விட்டுவிடும். எட்டு மாதக் குழந்தை சும்மா உட்காருமா? பக்கத்தில் இருக்கும் குவளையை எட்டிப் பிடிக்கப் போகும். இருக்கையும் கூடவே சாயும். தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் இது நடந்தால், தண்டில் கால் மாட்டிய குழந்தையால் நிமிர முடியாது.

தொட்டிக் குளியல் வழக்கமாக உள்ள அமெரிக்காவில் இத்தகைய இருக்கைகளில் குழந்தைகள் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதனால் 2010-இல் கட்டாயத் தரவிதி வந்தது. குழந்தைகள் மூழ்கி இறந்ததைச் சொல்லும் எச்சரிக்கையும் அங்கே இருக்கையிலேயே இருக்க வேண்டும். அதே சாமானை இங்கே ‘கை ஃப்ரீ’ என்று விற்கிறார்கள். கையை எடுக்கவே கூடாத இடம் அது.

இன்னொன்று: மூழ்கும் குழந்தை கத்தாது, கையைக் காலை உதறாது. ஓரிரு அங்குலத் தண்ணீர் போதும். அழைப்பு மணி அடித்தால், துண்டில் சுற்றிக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். துண்டு, சோப்பு, மாற்றுத் துணி எல்லாம் முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எழ வேண்டிய வேலையே வராது. கைப்பேசி வெளியிலேயே இருக்கட்டும்.

மகளின் முதுகுவலிக்கும் உங்கள் சிரமத்துக்கும் வழி வேறு. அகலமான, ஆடாத முக்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே தரையில் சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீர்; ஒரு கை எப்போதும் பேரன் மேல். காலில் போட்டுக் குளிப்பாட்டும் நம் பழைய முறையில் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடுவது பெரிய நன்மை. (மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் மட்டும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும்.)

கேள்வி: வாடகை வீடு, கீசர் இல்லை. வாளியில் ஹீட்டர் ராடு போட்டுத்தான் சுடுதண்ணீர். வீட்டில் ஒன்றரை வயதுப் பெண். நல்ல ராடாக எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் எனும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைப் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஆகவே எண்ணைப் பாருங்கள்.

ஆனால் நல்ல ராடும் நடக்கத் தொடங்கிய குழந்தையும் ஒரே குளியலறையில் இருக்கக் கூடாது. இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலையின் கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. அதில் மின்சாரமும் இருந்தால் சொல்லவே வேண்டாம். பூட்டிய அறையில் சுடவையுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். அடுப்பில் சுடவைப்பது இன்னும் நல்லது. குளியல் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

கலக்கும்போது முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் வெந்நீர். மாற்றிச் செய்தால், நீங்கள் குழாயைத் திருகப் போகும் அந்த நொடியில் குழந்தை வெந்நீருக்குள் கையை விட்டுவிடும். 60 டிகிரித் தண்ணீர் பட்ட சில நொடிகளிலேயே தோல் வெந்துபோகும். குழந்தைக்கு 37 டிகிரிச் சூடே போதும். தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம், முழங்கையை விட்டுப் பாருங்கள்.

செலவு செய்வதென்றால் வீட்டுக்காரரிடம் பேசி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் போடச் சொல்லுங்கள். மின்கசிவு வந்த நொடியே இணைப்பைத் துண்டிக்கும். எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்பார். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

கேள்வி: குளிக்கும்போது விளையாடும் ரப்பர் வாத்து வாங்கினேன். இரண்டே வாரத்தில் உள்ளிருந்து கறுப்பாக ஏதோ வருகிறது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: கறுப்பாக வருவது பூஞ்சை. பீய்ச்சுவதற்காக அடியில் ஓட்டை விட்ட பொம்மைகள் உள்ளே காய்வதே இல்லை. ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி பொட்டலத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லையென்றால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பப் பெற 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள். பெரும்பாலும் கடைக்காரர் அதிலேயே இறங்கிவருவார். மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போனாலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை வாத்தை வீசிவிடாமல், பில்லோடு ஒரு கவரில் போட்டுக் குழந்தைக்கு எட்டாத பரண்மேல் வையுங்கள்.