ஐந்து நிமிடத்தில் டாக்டரிடம் என்ன கேட்பது?

அம்மாவின் மார்பகப் புற்றுநோய் பற்றி டாக்டர் ஐந்தே நிமிடம் பேசுகிறார், வெளியே வந்தால் எதுவும் நினைவில் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?" இதைக் கேட்கத் தயங்கித்தான் பல வீடுகளில் குழப்பமே தொடங்குகிறது. பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ள ஈ.ஆர்., பி.ஆர். (கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டுபவை), ஹெர்2 (கட்டியை வேகமாக வளர்க்கக்கூடிய ஒரு புரதம்) முடிவுகளுக்கும் எழுதித் தரும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். அனுமதி வாங்கி போனில் பதிவு செய்யலாம். புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்துவார்.

கீமோ நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் இரவில் அழைக்க வேண்டிய எண்ணை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவே கூடாது. கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும், மாத்திரை காய்ச்சலை மட்டும் மறைத்துவிடும்.