செல் எண்ணிக்கை குறைந்தால் இறாலுக்கு நோயா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறேன். 60 நாள் குளத்தில் தீவனம் எடுப்பது குறைந்ததால் ஆய்வகத்தில் இறால் கொடுத்துப் பார்த்தேன். ‘ஹீமோசைட் (இரத்த செல்) எண்ணிக்கை குறைவு, துகள் செல்களும் குறைவு’ என்று எழுதித் தந்தார்கள். இரத்த செல்லைப் பெருக்கும் மருந்து என்று ஒன்றைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? இந்தச் செல்கள் ஈரலில்தானே உருவாகின்றன?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரத்தத்தை எப்படி எடுத்தார்கள் என்று முதலில் ஆய்வகத்தில் கேளுங்கள்.

செல்கள் ஈரலில் உருவாவதில்லை. ஈரல் தருவது ஹீமோசயனின் என்ற தாமிரப் புரதத்தை. ஆக்சிஜனைச் சுமப்பது அதுதான். செல்லுக்குள் இல்லாமல் இரத்த நீரிலேயே கரைந்திருக்கும். செல்கள் பிறக்கும் இடம் வேறு: இரைப்பையின் மேற்புறத்திலும் தாடைக்கால்களின் அடியிலும் உள்ள சிறு சிறு திசு முடிச்சுகள். 2005இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறாலின் உறவான நன்னீர் கிரேஃபிஷில் அஸ்டகைன் என்ற புரதத்தைக் கண்டறிந்தார்கள். செல் பிறப்பிடத்தைத் தூண்டிப் புதுச் செல்களை இரத்தத்துக்கு அனுப்புவது அதன் வேலை. புலி இறாலிலும் அது உண்டு. இரத்தத்தில் சுற்றும் செல்கள் அங்கேயே பிரிந்து பெருகுவது மிகக் குறைவு. அதனால் இழப்பை ஈடுகட்ட இந்தத் திசுதான் உழைக்க வேண்டும்.

செல்களை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். துகளற்றவை சிறியவை. அரைத்துகள் செல்கள் கிருமியைச் சூழ்ந்து அடைப்பவை. துகள் செல்களுக்குள் புரோஃபீனால்ஆக்சிடேஸ் என்ற நொதியின் முன்வடிவம் நிறைந்திருக்கும். அடிபட்ட ஓட்டில் கறுப்புத் தழும்பு விழுவது அதன் வேலையால்தான். பெனாய்டின் போன்ற கிருமிக்கொல்லிப் புரதங்களும் இந்தத் துகள்களில்தான் இருக்கின்றன.

உங்கள் அறிக்கையில் சந்தேகம் எழுவது இங்கேதான். அந்நியப் பொருள் பட்டதும் துகள்களைக் கொட்டிச் சிதைவது இந்தச் செல்களின் இயல்பு. கண்ணாடியும் ஊசியும்கூட அவற்றுக்கு அந்நியம்தான். சிட்ரேட் போன்ற உறைதடுப்புக் கரைசலை முன்கூட்டியே ஊசியில் இழுத்து வைக்காமல் இரத்தம் எடுத்தால் செல்கள் ஒட்டி, உடைந்து, உறைவில் சிக்கிவிடும். எண்ணும்போது மொத்தமும் குறையும், துகள் செல்லும் குறையும். உங்கள் அறிக்கை சொல்வதும் அதையேதான்.

சரியாக எடுத்திருந்தாலும் ஒரே எண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது. வனாமியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி முதல் சில கோடி வரை செல்கள் இருக்கலாம். தோல் உரிக்கும் சமயத்தில் எண்ணிக்கை மாறும். அம்மோனியா ஏறினாலும் ஆக்சிஜன் இறங்கினாலும் சரியும். கிருமி நுழைந்தால் செல்கள் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்விடும்.

அதனால் விடிவதற்கு முன் ஆக்சிஜனையும், கூடவே அம்மோனியாவையும் அளந்து பாருங்கள். தோல் உரிக்காத, ஓடு கெட்டியான இறால்களாகப் பொறுக்கி மறுபடி கொடுங்கள். நல்ல குளத்து இறால்களையும் அதே நாளில் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். கரையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு: உறைதடுப்பு சேர்க்காமல் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் விடுங்கள். நலமான இறாலில் அது சீக்கிரம் கூழாக உறையும். பல இறால்களில் உறையாமல் நீராகவே நின்றால் தாமதிக்காதீர்கள். வெள்ளைப்புள்ளி வைரஸ் செல் பிறப்பிடத்தையே தாக்கும். செல்லும் குறையும், உறைதலும் கெடும். ஓட்டில் புள்ளி தெரியும்வரை காத்திருக்காமல் செவுளையோ நீச்சல் காலையோ வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பீட்டா குளுக்கன் போன்ற நோய் எதிர்ப்புத் தூண்டிகளை நான் முற்றாக ஒதுக்கவில்லை. நோய் வருமுன் குறுகிய காலம் கொடுத்தால் பயன் இருக்கலாம். ஏற்கெனவே சோர்ந்த இறால் தீவனத்தையே எடுக்காதபோது அதில் கலந்த மருந்து எப்படி உள்ளே போகும்?

பி.சி.ஆரில் வைரஸ் உறுதியானால் மதகைத் திறக்காதீர்கள். பக்கத்துக் குளத்தாருக்கு அன்றே சொல்லுங்கள். குளத்து நீரை பிளீச்சிங் பவுடரால் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும்.