ஜூடோ மகளுக்கு வந்த குராஷ் அழைப்பு: திருமங்கலத்துத் தாய்க்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினோராம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகள் மாநில அளவிலான ஜூடோ போட்டியில் 52 கிலோ எடைப்பிரிவில் வெண்கலம் வாங்கியிருக்கிறாள்; அந்த ஆட்டத்தைப் பார்த்த, குராஷ் என்ற மல்யுத்த விளையாட்டின் சங்கத்துக்காரர் ஒருவர் அடுத்த மாதம் நடக்கும் தம் சங்கப் போட்டிக்கு அவளை அழைத்திருக்கிறார்; ஜூடோ பயிற்சியாளரோ, உலக ஜூடோ சம்மேளனமே இதைத் தடுத்திருக்கிறது, போனால் இவளுக்கும் தடை வரும் என்று எச்சரிக்கிறார்; இந்த வம்பே வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நீட் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்பது தங்கள் கணவரின் முடிவு. மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்க, நடுவில் நிற்கும் தங்களுக்கு உறக்கம் வராததில் வியப்பில்லை.

பயிற்சியாளர் சொல்லும் தடை கற்பனை இல்லை. உலகத் தரவரிசையில் முன்னிலையில் இருக்கும் ஜூடோ வீரர்கள் சாம்போ என்ற ரஷ்ய மல்யுத்தம், குராஷ், ஜுஜிட்சு, மல்யுத்தம் போன்ற பிற பிடிச்சண்டை விளையாட்டுகளின் சர்வதேசப் போட்டிகளில் இறங்கக் கூடாது என்று சர்வதேச ஜூடோ சம்மேளனம் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது குறிவைத்தது உச்சியில் இருப்பவர்களை. மாவட்டத்திலும் மாநிலத்திலும் ஆடிக்கொண்டிருக்கும் பதினாறு வயதுப் பெண் அந்த வரம்புக்குள் இன்னும் வரவில்லை. ஆகவே, உலகச் சம்மேளனத்தின் விதியை நினைத்துத் தாங்கள் இன்று கலங்க வேண்டியதில்லை. அவளைக் கட்டக்கூடிய காகிதம் ஒன்று உண்டு. அது அநேகமாகத் தங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், நாளை அவள் உயரும்போது எதை எதிர்கொள்ள நேரும் என்பது புரியும். 2009இல் உலகத் தரவரிசை முறை வந்த பிறகு ஒலிம்பிக் இடம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் எடுக்கும் புள்ளிகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு நாட்டில் புள்ளிப் போட்டி நடந்துகொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் முன்னிற்கும் நட்சத்திர வீரர்கள் வேறு விளையாட்டின் களத்தில் காலை உடைத்துக்கொண்டால் நட்டம் சம்மேளனத்துக்கு. வேறு விளையாட்டின் விளம்பரப் பலகையில் அவர்கள் முகம் தெரிந்தால் அதுவும் அதற்கே நட்டம். கூடவே, ஜூடோ தன் தனி முகத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சியும் இதில் இருக்கிறது. காலைக் கையால் பிடித்து வீழ்த்தும் மல்யுத்த பாணிக்கு 2010இல் கட்டுப்பாடும் 2013இல் முழுத் தடையும் வந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால், 1882இல் ஜிகோரோ கானோ என்ற இளைஞர் பழைய ஜப்பானிய ஜுஜிட்சு பள்ளிகள் பலவற்றின் பிடிகளைக் கலந்தெடுத்து உருவாக்கியதுதான் ஜூடோ என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வராமல் இல்லை. கலந்து பிறந்த கலைக்குத்தான் இன்று கலக்காதே என்று வேலி போட்டிருக்கிறார்கள்.

இதில் என் கருத்தையும் மறைக்க விரும்பவில்லை. மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிறுவனம், எங்களிடம் வேலை பார்க்கும்போது போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யாதே என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. உலகத் தரவரிசையில் எழுபதாவது இடத்தில் இருந்துகொண்டு சொந்தச் செலவில் விமானச் சீட்டு வாங்கும் வீரரிடம் அதையே சொல்வது, சோறும் போடாமல் பக்கத்து வீட்டுப் பந்தியிலும் உட்காராதே என்பதற்குச் சமம். அமெரிக்காவின் டிராவிஸ் ஸ்டீவன்ஸ் தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலியன் ஜுஜிட்சுவில் கருப்புப் பட்டை வாங்கியவர். தரைப்பிடியில் அவருக்கு இருந்த தேர்ச்சி ஊரறிந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 81 கிலோ பிரிவில் ஜூடோ வெள்ளியையும் அவர் வென்றார். மற்றொரு கலையைக் கற்பதால் ஜூடோ கெட்டுவிடும் என்பவர்களுக்கு அந்தப் பதக்கமே பதில். கற்பதற்கு எவரும் தடை சொல்லவில்லை, போட்டியில் இறங்குவதற்குத்தான் தடை என்ற வேறுபாட்டைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் தங்கள் மகளுக்கான வழி அதற்குள்தான் இருக்கிறது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று தங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. சம்மேளனத்தின் அனுமதி இல்லாத போட்டியில் ஆடினால் ஆயுள் தடை வரை போகலாம் என்றிருந்த சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் விதியை எதிர்த்து நெதர்லாந்து வீரர்கள் இருவர் 2014இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டார்கள்; 2017இல் ஆணையம் அவர்கள் பக்கம் நின்றது; ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் அந்த விதி வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று முடித்துவைத்தது 2023 டிசம்பரில். நம் நாட்டிலும், அங்கீகாரம் இல்லாத போட்டிகளில் ஆடக் கூடாது என்று வீரர்களைக் கட்டிவைத்ததற்காக அகில இந்திய செஸ் கூட்டமைப்புக்கு, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் 6.92 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நியாயம் கிடைக்கிறது, ஆனால் அது வந்து சேர்வதற்குள் வயது போய்விடுகிறது. கிரிக்கெட்டில் அம்பத்தி ராயுடுவை நினைத்துப் பாருங்கள்: 2007இல் ஐ.சி.எல். என்ற தனியார் லீக்கில் சேர்ந்ததால் இந்திய கிரிக்கெட் வாரியம் அவரை ஒதுக்கி வைத்தது, 2009இல் மன்னிப்பு கிடைத்தது, இந்திய அணிக்காக அவர் முதன்முதலில் ஆடியது 2013இல். ராயுடு அளவுக்குத் திறமை இருந்தவருக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்தன என்றால், நம் பிள்ளைகள் வழக்கை நம்பிக் களத்தில் இறங்கக் கூடாது.

இப்போது அந்த பீரோக் காகிதத்துக்கு வருகிறேன். ஜூடோ சங்கத்தில் உறுப்பினராகப் பதிந்தபோதும், ஒவ்வொரு போட்டிக்கு நுழைவுப் படிவம் கொடுத்தபோதும் தாங்களோ தங்கள் கணவரோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சென்ற ஆண்டு மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தை அப்படிப்பட்ட படிவத்தின் நகலை என் மேசையில் வைத்தார். பெயர், பிறந்த தேதி, எடை, ரத்த வகை எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. அடியில், ஜெராக்ஸ் மை பாதி அழிந்த இடத்தில், கடுகளவு எழுத்தில், சங்கத்தின் முன் அனுமதியின்றி வேறெந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள மாட்டேன் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அவர் அதை வாசித்ததே இல்லை. அதற்கு நேர் மேலேதான் அவருடைய கையெழுத்து இருந்தது. தங்கள் மகளின் படிவத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அனுமதி கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், எந்த விதியின்படி தடை வரும் என்பதைப் பயிற்சியாளரிடம் பணிவாகக் கேட்டு, அந்த விதியைக் காட்டச் சொல்லுங்கள். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். தேர்வுப் பட்டியலில் பெயர் சேர்வது பல நேரங்களில் அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது, அவருடைய அச்சமும் பெரும்பாலும் பிள்ளை மீதுள்ள அக்கறையிலிருந்து வருவதுதான்.

குராஷ் பக்கமும் சில கேள்விகள் உண்டு. அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு மதிப்புக் குறைவில்லை. உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த இந்த மல்யுத்தத்தில் தரைச்சண்டை கிடையாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கவும் கூடாது. நின்றபடி எறிவதுதான் ஆட்டம் என்பதால், இன்றைய விதிப்படி ஜூடோ பழகிய பிள்ளைக்கு அது பெரிதும் அந்நியமாக இருக்காது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் குராஷ் அறிமுகமானபோது, தங்கள் மகள் ஆடும் அதே 52 கிலோவில் பிங்கி பல்ஹாரா வெள்ளியும் மலபிரபா ஜாதவ் வெண்கலமும் வென்றார்கள். இருவருமே ஜூடோவிலிருந்து வந்தவர்கள். ஜூடோவில் ஆசியப் பதக்கம் எடுப்பது ஜப்பானையும் கொரியாவையும் தாண்டிப் போவது. சிறிய விளையாட்டில் சீக்கிரம் மேடை ஏறலாம் என்று குராஷ்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் வேலைவாய்ப்பு ஆலோசகனாக நான் பார்ப்பது பதக்கத்தின் நிறத்தைவிடச் சான்றிதழின் கீழே இருக்கும் கையெழுத்தைத்தான். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென 500 இடங்கள் இருக்கின்றன. ரயில்வே, வருமான வரித்துறை, துணை ராணுவப் படைகள் ஆகியவை தனியே ஆள் எடுக்கின்றன. மத்திய அரசுப் பணிக்குத் தனித்தனிச் சான்றிதழ்ப் படிவங்கள் உண்டு: நாட்டுக்காக ஆடியவருக்குத் தேசிய சம்மேளனத்தின் செயலாளர், மாநிலத்துக்காக ஆடியவருக்கு மாநிலச் சங்கத்தின் செயலாளர், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரி, பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் பள்ளிக்கல்வித் துறை என, இன்னார் கையெழுத்திட வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சங்கம் அங்கீகாரம் பெற்றதா, அந்த விளையாட்டு வேலை அறிவிக்கையின் பட்டியலில் இருக்கிறதா என்ற இரண்டும் பொருந்தினால்தான் காகிதத்துக்கு மதிப்பு. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், தற்காப்புக் கலை ஒன்றில் ‘தேசிய’ப் பதக்கங்கள் பதினொன்று வைத்திருந்தான், சான்றிதழ் சரிபார்ப்பில் அவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. அவனைத் தேசியப் போட்டிகளுக்கு அனுப்பிய சங்கத்துக்கு அங்கீகாரமே இருந்ததில்லை. நான் அன்று அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பாராட்டினேனே ஒழிய, கையெழுத்துகளைச் சோதிக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து கோப்பைக் கீழிருந்துதான் படிக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை இது. பிளஸ் டூ முடியும் வரை போட்டிக்கு ஜூடோ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஒலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு, பள்ளிப் போட்டிகளிலும் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்திலும் இருக்கும் விளையாட்டு என்பதால் அதன் சான்றிதழுக்குக் கதவுகள் அதிகம். கேலோ இந்தியா வீராங்கனையாகத் தேர்வானால் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் கிடைக்கும். 2022இல் சராயேவோவில் மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 57 கிலோவில் கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) உலகப் பட்டம் வென்றபோது அவளுக்கும் பதினாறு வயதுதான். குராஷையும் தரைப்பிடிகளையும் அவள் பயிற்சியாகப் பழகட்டும். அடுத்த மாதப் போட்டிக்கு மட்டும் இந்த முறை மன்னிக்கவும் என்று சொல்லிவிடுங்கள். கல்லூரி முதலாண்டு முடிவில் ஜூடோவில் தேசிய அளவில் முதல் எட்டுக்குள் அவள் வரவில்லை என்றால், அப்போது குராஷுக்கு முழுமையாக மாறுவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்பதில் லாபமில்லை. மாறாக, அவள் உலகத் தரவரிசைக்குள் நுழையும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், அன்று நடைமுறையில் இருக்கும் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வேறு எந்த அழைப்பையும் ஏற்க வேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில், ஊர்ப் பொங்கலுக்குக் கபடி ஆடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கபடியைப் பிடிச்சண்டைக் கலையாக எந்த ஜூடோ விதியும் கணக்கில் எடுத்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் செம்மண் தரையில் ஆறு பேர் சேர்ந்து ஒரு முழங்காலைப் பிடித்துத் திருப்பினால் என்ன ஆகும் என்பது தங்களுக்கே தெரியும். மாநிலத் தேர்வுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் வேண்டாம். மற்ற நாட்களில் ஆடட்டும், அதுவும் பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதி.

தங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. நீட் வகுப்பில் சேர்ப்பதும் ஜூடோவை நிறுத்துவதும் ஒரே முடிவு அல்ல; இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருப்பது இந்தக் குழப்பத்தின் மீதான எரிச்சல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவள் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறாளா என்பது தங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் எங்கும் இல்லை. உயிரியல் பிடித்திருக்கிறது என்றால் பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல், உடற்கல்வி ஆகியவையும் இருக்கின்றன. விளையாடி முடித்த பிறகு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் படித்தவர்களுக்கும் வேலை இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி முடிந்ததும் அவளை நேரே கோரிப்பாளையம் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். சங்கப் படிவங்களின் நகல், குராஷ்காரர் கொடுத்த அழைப்புக் கடிதம், எல்லாச் சான்றிதழ்களின் மூலப்பிரதி ஆகியவற்றை எடுத்து வாருங்கள். இன்னும் லேமினேஷன் செய்யாதவற்றை அப்படியே விட்டுவையுங்கள். முதல் அரைமணி நேரம் நான் அவளோடு மட்டும் பேச விரும்புகிறேன். வெளியே பெஞ்சு இருக்கிறது, எதிரே டீக்கடையும் இருக்கிறது.