கொடைக்கானலைத் தாண்டித் தேனிலவு: வாசகர் கேள்வி–பதில்

தை, மாசி முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்தவர்கள் பலர் இந்த மாதம் வெளிநாட்டுத் தேனிலவு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: தை மாதக் கடைசியில் எங்கள் திருமணம். பத்து நாள் லீவு. சிங்கப்பூர், கோலாலம்பூர், லங்காவி, புக்கெட், பாலி ஐந்தையும் பார்த்துவிட ஆசை. எந்த வரிசையில் போனால் சரிவரும்?
– அண்ணா நகர், மதுரை

பதில்: ஐந்தில் இரண்டை இப்போதே அடித்துவிடுங்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறும் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். ஏர்போர்ட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போக வேண்டும். இறங்கியதும் இமிகிரேஷன் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, டாக்ஸி, மறுபடி செக்-இன். ஒன்றரை மணி நேர விமானத்துக்கு ஆறேழு மணி நேரம் போய்விடும். ஐந்து ஊருக்கு நான்கு மாற்றம் என்றால், விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு முழு நாள் பெட்டியோடேயே கழியும். கல்யாண அலைச்சலும் மறுவீட்டு விருந்தும் முடிந்த உடம்புக்கு அது தாங்காது.

எதை அடிப்பது என்பதைப் பருவமே சொல்லிவிடுகிறது. தை, மாசியில் பாலியில் மழைக்காலம், அதைத் தவிருங்கள். லங்காவி, புக்கெட் இரண்டுக்கும் அப்போது நல்ல வெயிலும் அமைதியான கடலும் இருக்கும். ஆனால் இரண்டும் கடற்கரை ஊர், ஒன்று போதும். மலேசியாவுக்குள்ளேயே முடிந்துவிடும் என்பதால் எங்கள் ஓட்டு லங்காவிக்கு. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளை (பெர்ஹென்டியான், ரெடாங்) யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பருவமழை. பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: சிங்கப்பூர் 3 இரவு, லங்காவி 4 இரவு, கோலாலம்பூர் 2 இரவு. சிங்கப்பூரில் இறங்கி கோலாலம்பூரில் இருந்து ஊர் திரும்புவதால் போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சம். சிங்கப்பூரிலிருந்து லங்காவிக்கு நேரடி விமானம் உண்டு. நடுவில் வைத்த அந்த நான்கு இரவுதான் உங்கள் ஓய்வு. அதில் கை வைக்காதீர்கள். பந்தாய் செனாங் கடற்கரைப் பக்கம் ரூம் எடுத்தால் சாப்பாட்டுக்கும் கடைக்கும் நடந்தே போகலாம். மலையேறும் கேபிள் காரைக் கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். வானம் தெளிந்திருக்கும் முதல் காலையிலேயே போய்விடுங்கள்.

தேதி குறிக்கும்முன் சீனப் புத்தாண்டு எப்போது என்று பாருங்கள். அது ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில்தான் வரும், அதாவது நம் தை, மாசி முகூர்த்தங்களோடு மோதும். 2027-இல் பிப்ரவரி 6. அந்த வாரம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டிக்கெட், ரூம் விலை ஏறும், பல கடைகள் மூடியிருக்கும். தைப்பூசமும் தை மாதத்தில்தான். கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகனை அன்றே தரிசிக்க வேண்டும் என்றால் பெருங்கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். 42.7 மீட்டர் சிலையையும் 272 படியையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் முன்பின் நான்கு நாள் தள்ளிப் போங்கள். கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இருந்து கோமுட்டர் ரயில் கோயில் வாசல்வரை போகிறது.

திருச்சியிலிருந்து கிளம்புவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00.40 என்று இருந்தால் 11-ஆம் தேதி இரவு ஒன்பதே முக்காலுக்குள் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்; மதுரையை விட்டு ஆறரைக்கே கிளம்புங்கள். 12-ஆம் தேதி இரவு என்று நினைத்து விமானத்தைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த விமானம் விடியற்காலையில் சிங்கப்பூரில் இறக்கிவிடும்; ரூம் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை ஹோட்டலில் வைத்துக்கொள்வார்களா என்று முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக மூன்று, நான்கு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் போகலாம். அதற்குப் பிறகு பயணம் என்றால் டிக்கெட் போடும்முன் அப்போதைய விதியைப் பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை ஆன்லைனில், வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் போக வேண்டுமா?
– உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். தேனிலவு முடிந்து வந்து செய்யுங்கள். பாஸ்போர்ட்டை மாற்றினால் நம்பரே மாறும். பழைய நம்பரில் எடுத்த விசாவும் டிக்கெட்டும் சிக்கலாகும். இருக்கிற பாஸ்போர்ட் ஊர் திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா என்று மட்டும் இன்றே பாருங்கள்.

ஒற்றைப் பெயர் நம் ஊரில் சாதாரணம். விமான கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்கு அது புரிவதில்லை. சில கம்பெனி அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகளைப் போடச் சொல்லும். இரண்டு, மூன்று கம்பெனியில் பறப்பதால் ஒவ்வொன்றின் விதியையும் தனித்தனியாகப் பார்த்து புக் பண்ணுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். மலிவு விமானங்களில் பெயர் திருத்தத்துக்கே தனியாகப் பணம் பிடுங்குவார்கள்.

வழியில் துபாயையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கவனம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள். அந்தப் பக்கத்தை ஏஜென்டிடம் காட்டி உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

திருமணப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: புக்கெட்டிலிருந்து பாங்காக் வந்து, அங்கிருந்து இரண்டரை மணி நேரத்தில் சென்னை விமானம். தனித்தனி டிக்கெட், விலை ரொம்பக் குறைவு. எடுக்கலாமா?
– திண்டுக்கல்

பதில்: எடுக்காதீர்கள். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு ஏர்போர்ட். மலிவு விமானங்கள் பலவும் டான் முவாங்கில்தான் இறங்கும். இரண்டுக்கும் நடுவே நகர நெரிசலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். ஒரே ஏர்போர்ட்டாக இருந்தாலும், தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை; டிக்கெட் போனது போனதுதான். கோலாலம்பூரிலும் டெர்மினல் 1, 2 என்று தனித்தனியே இருக்கின்றன. ஏர்ஏசியா டெர்மினல் 2.

ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள், அல்லது முந்தின நாளே பாங்காக் வந்து ஓர் இரவு தங்குங்கள். மிச்சமாகும் பணத்தைவிட அந்த ரூம் வாடகை குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் புது டிக்கெட்டுக்குக் கடைசி நிமிட விலை கொடுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

லக்கேஜிலும் இதே பாடம். தனித்தனி டிக்கெட்டில் எது குறைந்த எடை தருகிறதோ, அதற்குத்தான் பெட்டி கட்ட வேண்டும். போகும்போது 25 கிலோ, நடுவில் 15 கிலோ என்றால் உங்கள் பெட்டி 15 கிலோ. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

கேள்வி: மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கே அனுப்பலாம்?
– மேலூர்

பதில்: ஆவணிக்குப் பாலி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் இரண்டு நாள் நின்று போகட்டும். பாலியில் முதலில் உபுத் 3 இரவு, பிறகு கடற்கரை 4 இரவு. ஏர்போர்ட் தெற்கே கடற்கரைப் பக்கம் இருக்கிறது; திரும்பும் நாளில் உபுத்திலிருந்து கிளம்பினால் நெரிசலில் மாட்டுவார்கள். நுசா பெனிடா தீவுக்குப் படகில் போவதைக் கிளம்புவதற்கு முந்தின நாள் வைக்க வேண்டாம். அலை எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். வந்திறங்கி எடுக்கும் விசாவுக்கு ஆளுக்கு 5,00,000 ரூபியா, அதோடு பாலியின் சுற்றுலா வரி 1,50,000 ரூபியா. மாப்பிள்ளை ஸ்கூட்டர் ஓட்டுவார் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது இல்லாமல் விழுந்தால் பயண இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

செலவு சுருங்க வேண்டுமானால் மதுரையிலிருந்தே கொழும்பு. ஆவணியில் திரிகோணமலைப் பக்கம் கடல் அமைதி. காலி, பெந்தோட்டை இருக்கும் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரைதான் ஏற்ற காலம்.

கேள்வி: புதுப்பெண் நகையோடுதான் போக வேண்டும் என்கிறார்கள் சம்பந்தி வீட்டில். போட்டு அனுப்பலாமா?
– தேனி

பதில்: தாலி, ஒரு மெல்லிய செயின், சின்னத் தோடு. அதற்கு மேல் வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நிறைய நகையோடு போனால் திரும்பும்போது ‘அங்கே வாங்கியதா’ என்று கஸ்டம்ஸில் கேட்பார்கள். கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்றால், புறப்படும் ஏர்போர்ட்டிலேயே கஸ்டம்ஸ் அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். கடை பில்லும் எடை விவரமும் கையில் இருக்கட்டும். இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

மஞ்சள் கயிறு புதிதாக இருந்தால் வேர்வையிலும் கடல் தண்ணீரிலும் சாயம் இறங்கும். வெள்ளை விரிப்பில் மஞ்சள் கறை போகாது, ஹோட்டலில் அதற்குப் பணம் கேட்பார்கள். தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கு முடிந்த பிறகு அனுப்புவது வசதி; இல்லையென்றால் தூங்கும்போது கழுத்தில் ஒரு பழைய துண்டு.

கட்டிக் கொடுக்கும் பொடிகளில் கசகசா இருக்கக் கூடாது. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் கணக்கு.

கேள்வி: பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி. எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?
– கே.கே. நகர், மதுரை

பதில்: இந்த மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா, அதுதான் ஷெங்கன் விசா. அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. அதிக இரவு தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம இரவு என்றால் முதலில் நுழையும் நாடு. ஆகவே இரவுக் கணக்கை முடிவு செய்யாமல் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். கைரேகையைக் கல்யாணத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். விரல் நுனியில் மருதாணி அப்பியிருந்தால் கருவி ரேகையைப் படிக்கத் திணறும். விண்ணப்பத்தில் ‘திருமணமாகாதவர்’ என்றே குறித்து, கல்யாணப் பத்திரிகையை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள்.

கேள்வி: ஏஜென்ட் பேக்கேஜில் எதைக் கவனிக்க வேண்டும்?
– விருதுநகர்

பதில்: ஹோட்டலின் பெயர், விமான எண், லக்கேஜ் கிலோ மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ‘அல்லது அதே தரம்’ என்று எழுதியிருந்தால் அந்தத் தரத்தில் எந்த ஹோட்டல் என்று கேளுங்கள். ‘எஸ்ஐசி’ என்றால் பலரோடு சேர்ந்து போகும் பஸ். ஒவ்வொரு ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றும். ஏர்போர்ட் வண்டியாவது தனியாக இருக்கட்டும். மலேசியாவில் ரூமுக்கு ஓர் இரவு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, பெரும்பாலும் பேக்கேஜில் சேராது. வெளிநாட்டு பேக்கேஜுக்குப் பிடிக்கும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கணக்கு தாக்கல் செய்பவரின் பான் எண்ணைக் கொடுங்கள். கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா’ என்று மெஷின் கேட்டால் ரிங்கிட். ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு. தேனிலவு என்பதையும் ஒரே பெரிய கட்டில் வேண்டும் என்பதையும் புக்கிங்கிலேயே எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு ஒற்றைக் கட்டில் போட்ட ரூம் கிடைத்துவிடும்; சீசனில் மாற்ற வேறு ரூம் இருக்காது.