கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சு அறிபுனை (அறிவியல் புனைகதை), மிகுபுனைவு (மாயாஜாலக் கற்பனைக் கதை) நூல்களின் ஆண்டுப் போக்கை எப்படிச் சரியாகக் கணக்கிடுவது?

நூல்களின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 978-2 என்ற தொடக்கம் பிரெஞ்சு மொழிக்கு உரியது, நாட்டுக்கு உரியதல்ல. பாரிஸ் நூலும் கியூபெக்கின் மாண்ட்ரியால் நூலும் அதில் கலந்தே கிடக்கும். போதாததற்கு அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். அப்படியே கூட்டினால் ஒரே நாவல் இரண்டாகிவிடும்.

கியூபெக் தேசிய நூலகத்தின் பட்டியலிலிருந்து தொடங்குவதே நல்லது. கியூபெக்கில் வெளியாகும் நூல்களை 7 நாட்களுக்குள் அந்நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். பல நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தில், ஒப்படைத்த ஆண்டோடு எந்தக் காலாண்டு என்பதும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து ஆண்டை முடிவு செய்யுங்கள். பிறகு புதுநூல், மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு மூன்றையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், பழைய தொடர் ஒன்று மலிவுப் பதிப்பாக வந்த ஆண்டெல்லாம் பொற்காலமாகத் தெரியும்.

சிறுவர், இளையோர் நூல்களையும் கட்டாயம் பிரித்தாக வேண்டும். 2002, 2003இல் தொடங்கிய 'எமரால்டு வீரர்கள்', 'ஆமோஸ் டாராகோன்' தொடர்களின் பெருவெற்றிக்குப் பின் இளையோர் மிகுபுனைவு பெருகியது. மொத்தக் கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்குப் பெரியவர்களுக்கான அறிபுனையின் நிலை தெரியவே தெரியாது. என் பார்வையில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த நிலையைத்தான்.

சிறுகதைகளை விட்டுவிடாதீர்கள். 1974இல் 'ரெக்வியெம்' என்ற பெயரில் பிறந்து 1979இல் பெயர் மாறிய 'சொலாரிஸ்' என்ற அறிபுனை, மிகுபுனைவு இதழின் உள்ளடக்கப் பக்கங்களை இதழ்வாரியாகப் பதியுங்கள். இன்னோர் இதழான 'இமாஜின்' 1997இல் நின்றது. அதற்குப் பின் சிறுகதைகளின் எண்ணிக்கையில் சரிவைக் கண்டால், எழுதுவோர் குறைந்தார்களா, வெளியிட இடம் குறைந்ததா என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.