இலையும் பட்டையும் ஒரே சாம்பல் ஆனால்

அடையாறு ஆலமரத்தை உச்சி வெயிலில் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். பச்சையும் பழுப்பும் நம் கண்ணுக்குத்தான் வேறு வேறு. நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ரா கோப்பு (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருக்கிறதா? இருந்தால் பாதிக் கவலை விட்டது. படத்தைத் திருத்தும் மென்பொருளில், ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று மாற்றும் கறுப்பு வெள்ளைக் கலவையில் மஞ்சள் ஸ்லைடரை நகர்த்திப் பாருங்கள். இலைக்குப் பச்சையைவிட மஞ்சள்தான் அதிகம் அசைந்து கொடுக்கும். ஆலம்பட்டையின் பழுப்பில் நிறம் குறைவு, சாம்பலுக்குப் பக்கம் என்பதால் அது பெரிதாக மாறாது, இலை மட்டும் தனியே பிரிந்து வரும். நுணுக்கங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரை மட்டும் அளவோடு வையுங்கள். நான் ஒருமுறை அதிகமாக ஏற்றிவிட்டதில், விழுதெல்லாம் சிமென்ட் தூண் மாதிரி ஆகிவிட்டது!

அடுத்த முறை மேகமூட்டமான காலையில் போங்கள். மழை விட்ட கையோடு என்றால் இன்னும் நல்லது. நனைந்த பட்டை கறுத்து, வெடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஈர இலை பளபளக்கும், அதைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போதும். இலை இடுக்கில் தெரியும் வானம் வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணைக் குத்தும், அதனால் வானமே வராமல் ஃபிரேம் வையுங்கள்.

அப்புறம், முழு மரத்தையும் அடக்கப் பார்க்காதீர்கள். அதன் அடிமரம் 1989 புயலிலேயே சாய்ந்துவிட்டது. இன்று நிற்பதெல்லாம் விழுதுகள்தான். நாலைந்து விழுதை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.